மகள் விட்டுப்போன பாம்பு

என் மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேரக் கிளம்பியபோது இரண்டு பெட்டி, ஒரு கிதார், ஒரு டப்பா புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனாள். பாம்பை மட்டும் பர் துபாய் ஃபிளாட்டில் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

பாம்பு என்றால் நிஜப் பாம்புதான். நாலடி நீளம், வழவழவென்று கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டைகள். கிங் ஸ்நேக் என்று பெயர். பெயரைக் கேட்டு ராஜநாகம் என்று பயப்பட வேண்டாம். இது அமெரிக்கப் பக்கத்து இனம். விஷம் கிடையாது, படமெடுக்கத் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளையைப் பார்த்தவுடன் கட்டுவிரியன் என்றுதான் தோன்றும். நான் தஞ்சாவூர்ப் பக்கம். முதல் நாள் அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

மகளுக்குப் பதினாலு வயதானபோது, அவளோடு படித்த பெண்ணின் குடும்பம் துபாயைக் காலி செய்துகொண்டு கனடா போனது. இங்கே ஊரைவிட்டுப் போகிறவர்கள் சோபாவையும் வாஷிங் மெஷினையும் தெரிந்தவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது வழக்கம். எங்களுக்குக் கண்ணாடித் தொட்டியும், உள்ளே பாம்பும், அதற்குரிய காகிதங்களும் வந்து சேர்ந்தன. ஒரு மாதம் சண்டை போட்டேன். "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். மகளும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நானும் இருந்தேன், அதுவும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். மகள் அதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் வைத்திருந்தாள். எனக்கு அது எப்போதும் பூச்சிதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவளுக்குத் துபாயிலேயே படிக்க ஆசை. கோயம்புத்தூர் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். அவள் சொன்ன காரணங்களையெல்லாம் வெட்டிப் பேசினேன். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"இத யாரும்மா பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? நாலு வருஷத்துல நீ அதத் தொட்டதே இல்ல."

"டிசம்பர் லீவுக்கு நீ வர்றப்போ அது இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும். இது என் வார்த்தை."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள். என் கோபத்துக்கு அவள் பயந்திருக்கிறாள், ஆனால் வாக்கு தவறுகிறவள் என்று அதுவரை ஒருமுறைகூட என்னைச் சொன்னதில்லை. பூச்சிக்கு ஏதாவது ஆனால் அந்த ஒன்றும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கணவர் சவுதியில், அல் கோபாரில் புராஜெக்டில் இருந்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆக ஆகஸ்ட் மாதத்திலிருந்து வீட்டில் நானும் பூச்சியும்தான். மகள் இரண்டு பக்கத்துக்கு எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிட்டுப் போன குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தொட்டியின் ஒரு பக்கம் முப்பது டிகிரி, மறுபக்கம் இருபத்துநாலு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி. ஆள் என்னவோ ஒன்றுதான். இந்த இனத்தோடு இன்னொரு பாம்பை வைத்தால் அதையும் தின்றுவிடும். தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். மூடியின் கிளிப்பை இரண்டு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை, செல்லப்பிராணிக் கடையில் விற்கிற உறைந்த எலி ஒன்றை எடுத்து, உருகவிட்டு, வெந்நீரில் சூடாக்கி, நீளமான இடுக்கியால் நீட்ட வேண்டும். சாப்பிட்டபின் இரண்டு நாள் கையில் எடுக்கக்கூடாது. "புகை, ஸ்ப்ரே எதுவும் பக்கத்தில் வரக்கூடாது" என்றும் ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லை என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

முதல் எலியை நீட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொன்னேன். மூன்றாவது எலிக்குள் பயம் போய்விட்டது. செப்டம்பரில் அதன் கண் இரண்டும் பால் ஊற்றினாற்போல் வெளுத்து, உடம்பெல்லாம் மங்கிப்போனது. குருடாகிவிட்டது என்று பதறி மகளை வகுப்பு நேரத்தில் அழைத்தேன். "தோல் உரிக்கப் போகுதும்மா, ஈரமான பாசிய பெட்டிக்குள்ள வை, தொந்தரவு பண்ணாத" என்று கிசுகிசுத்தாள். நாலு நாள் கழித்துக் காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல் முழுத் தோலும் ஒரே துண்டாகக் கிடந்தது. கிழியாமல் ஒரே துண்டாக வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். அன்றிலிருந்து தினம் ஒரு போட்டோ கேட்பாள், தினம் அனுப்புவேன். அவள் என்னோடு பேசியதே அதைப் பற்றித்தான். தன்னைப் பற்றிக் கேட்டால் "ஃபைன்" என்ற ஒற்றைச் சொல்லோடு சரி.

மகளின் அறை மூடியே கிடந்ததால் தோல் உரிப்பதற்கு முன்பே, செப்டம்பர் தொடக்கத்தில், தொட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்திருந்தேன். நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். விடைத்தாள் திருத்தும்போது ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஹாலில் பிளக் பாயிண்ட் இருந்த ஒரே இடம் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். அதுவும் நல்லதுதான், சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் பூச்சி எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இனம் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவே சொல்லாது. எலி வாசனையோடு கையை நீட்டினால் விரலையே எலி என்று கவ்வும் ஜாதி. இரண்டு நாளில் தொட்டியிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். மூக்குத் துளையில் சின்னதாக ஒரு குமிழி ஊதி உடைந்தது. தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு, உறையைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஊர்வன பார்க்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் எகிப்துக்காரர், நிதானமானவர். வாயை மெல்லத் திறந்து உள்ளே நூல் நூலாக இருந்த சளியைக் காட்டினார். நுரையீரலில் தொற்று என்றார். பாம்பால் நம்மைப் போல இருமித் துப்ப முடியாது, சளி உள்ளேயே தேங்கி மூச்சை அடைத்துவிடும், பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்றார். பிறகு கேள்விகள் கேட்டார். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, ஏசி காற்று நேராக அடிக்கிறதா. எல்லாவற்றுக்கும் குறிப்பில் இருந்தபடியே சொன்னேன்.

"வீட்டில் புகை உண்டா? சிகரெட், ஷீஷா?"

"கிடையவே கிடையாது, டாக்டர்."

"பகூர் போடுவீர்களா?"

பகூர் என்பது அரபு வீடுகளில் நெருப்புக் கரியில் போடுகிற வாசனைக் கட்டை. எதிர் ஃபிளாட்டில் போட்டால் லிஃப்ட் வரைக்கும் மணக்கும்.

"அது எங்கள் வழக்கம் இல்லை. எதிர்வீட்டில் போட்டாலே எனக்குத் தலைவலி வரும்" என்று கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

மூன்று நாளைக்கு ஒன்று என்று ஏழு ஊசிகளை மருந்து நிரப்பியே கொடுத்தார். முதல் ஊசியை அங்கேயே அவரே போட்டுக் காட்டினார். மீதி ஆறையும் அவர் சொன்னபடி ஃப்ரீசரில் எலிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். உடம்பின் முன்பகுதியில், முதுகெலும்பை ஒட்டிய சதையில் போட வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் குத்த வேண்டும். கணவரை அழைத்தேன். "என்னால லீவு போட முடியாது. நீ பேசாம அந்த டாக்டர்கிட்டயே விட்டுட்டு வந்துடு, கலாஸ்" என்றார். கலாஸாம், அதோடு முடிந்ததாம். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் கட்டட வாட்ச்மேன் அரியலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கட்டட வேலைக்கு வந்து, சிமெண்ட் தூசியில் மூச்சுத் தொந்தரவு வந்ததால் இந்த வேலைக்கு மாறியவர். வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் அவரைக் கேட்டேன். தொட்டியைப் பார்த்ததும் வாசலுக்கே போய்விட்டார்.

"டீச்சர், எங்கூர்ல இதப் பாத்தா அடிச்சுட்டுத்தான் பேசுவோம்."

"இது கட்டுவிரியன் இல்ல தம்பி. கடிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது கட்டுவிரியன் இல்லன்னு அதுக்குத் தெரியும். எனக்குல்ல தெரியணும்."

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தலைக்குப் பின்னால் பதமாகப் பிடித்தார். டாக்டர் காட்டிய இடத்தில் நான் குத்தினேன். ஊசியைப் போட்டு முடித்ததும் இருவரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டோம். அவர் செய்த உதவிக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். பயந்துகொண்டே ஒருவர் நமக்காக ஒன்றைச் செய்வது சின்ன விஷயம் இல்லை.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. ஆகஸ்டில் எடுத்து அனுப்பாமல் போனில் கிடந்த பழைய போட்டோக்களைத் தேடியெடுத்துத் தினம் ஒன்றாக அனுப்பினேன். பரீட்சை நேரம், அவளைக் கலவரப்படுத்துவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டில் என்றும் தவறாத பழக்கம். இங்கே வெள்ளிக்கிழமை பள்ளி அரைநாள். மதியமே வந்து, வீட்டைத் துடைத்து, குளித்து, விளக்கேற்றி, கப் சாம்பிராணியைக் கொளுத்தி மூலைமுடுக்கெல்லாம் காட்டுவேன். பூச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டேன். கப்பைத் தொட்டிக்கு முன்னால் வைத்து, மூடியின் வலைப்பக்கமாகப் புகையைக் கையால் தள்ளி, "முருகா, என் வார்த்தையக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டேன். கண்ணேறு இருந்தாலும் போகட்டும் என்று ஒரு கப்புக்கு இரண்டு கப் போட்டேன். இரண்டு ஊசிக்குப் பிறகும் குமிழி நிற்கவில்லை. சத்தம் அதிகமானது.

மூன்றாவது ஊசி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வாட்ச்மேன் உள்ளே வந்தவர் பூச்சியைப் பிடிக்குமுன்பே இருமத் தொடங்கினார். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மாத்திரை போடலயா தம்பி?"

"மாத்திரை என்ன பண்ணும் டீச்சர். எங்க வீடு ஓட்டு வீடு. சாம்பிராணி போட்டா பொக எரவாணம் வழியா வெளிய போயிரும். இங்க வருஷம் பூரா ஜன்னலயே தொறக்காம இவ்ளோ பொகயப் போட்டா எனக்கே மூச்சு முட்டுது. இது பாவம், எங்க போவும்?"

கையில் ஊசியோடு அப்படியே நின்றேன். கரி, பிசின், மூடிய அறை. ஒன்பதாம் வகுப்புக்கு எரிதல் பாடம் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். புகை என்றால் என்ன, அதில் என்னென்ன இருக்கும் என்று போர்டில் எழுதிப்போட்டவள் நான். என் வீட்டில் வெள்ளிக்கிழமை எழும்புவது மட்டும் எனக்குப் புகையாகத் தெரியவில்லை. அது சாம்பிராணி, அவ்வளவுதான். என்னை நானே மடச்சாம்பிராணி என்று திட்டிக்கொண்டேன். அன்றைக்கு அதைவிடப் பொருத்தமான வசவு கிடைக்கவில்லை.

பூச்சிக்கு ஊசியைப் போட்டு, தொட்டியை மகளின் அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், ஜன்னலைத் திறந்துவிட்டு, டாக்டரை அழைத்தேன். பிசினைக் கரியோடு சேர்த்துக் கொளுத்துவோம், சாமிக்கு, என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"மேடம்," என்றார், "அதுதான் பகூர்."

அவர் திட்டவில்லை. இனிமேல் வேண்டாம், ஊசியைத் தொடருங்கள், பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போமில் நம்பிக்கை குறைவாகத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு மகளின் கட்டிலில் உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி எடுத்தாலே அவள் தன் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டை வைத்து அடைப்பாள். நாலு வருடமும் அப்படித்தான். சாமி என்றால் அவ்வளவு இளக்காரமா என்று அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் கத்திய கத்தல் கொஞ்சமில்லை. தொட்டி அந்த அறைக்குள்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அப்போதே அவளை அழைத்தேன். வீடியோ ஆன் செய்யச் சொன்னேன், நெட் சரியில்லை என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி, ஊசி, பழைய போட்டோக்கள், கப் கப்பாகப் போட்ட சாம்பிராணி. பிழைக்குமா என்று தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"போட்டோ பழசுன்னு தெரியும்மா," என்றாள். "அதுல தொட்டி என் ரூம்ல இருந்தது."

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"

"பயமா இருந்தது. லிஸ்ட்ல சாம்பிராணின்னு நேராவே எழுதியிருக்கணும். எழுதினேன், அப்புறம் அடிச்சிட்டுப் புகைன்னு எழுதினேன். அப்படியே எழுதினா நீ கத்துவ. சாரிம்மா."

நான் சாரி சொல்ல வேண்டிய இடத்தில் அவள் சொன்னாள். அவள் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பதினெட்டு வயதுப் பெண், ஒரு உயிரைக் காப்பாற்றத் தேவையான ஒரு சொல்லை எனக்குப் பயந்து அடித்திருக்கிறாள். ஃபிரிஜ்ஜில் இருந்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியில் பேனாவால் நன்றாக அழுத்தி அடித்த ஒரு சொல் இருந்தது. இரண்டு மாதமாகத் தினம் அதன் எதிரே நின்றுதான் பால் எடுத்திருக்கிறேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைக்கு விளக்கும் பூவும் மட்டும்தான். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது ஊசிக்குக் குமிழி நின்றது. ஏழாவது ஊசிக்கு வந்த வாட்ச்மேன் தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மாஃபி சவுண்டு டீச்சர், சத்தமே இல்ல" என்று சிரித்தார். நவம்பரில் ஒருநாள் எலியை நீட்டினேன். நாக்கை இரண்டு முறை நீட்டிப் பார்த்துவிட்டு ஒரே கவ்வு. போனை அலமாரியில் சாய்த்து வைத்து மகளுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் அழுதாள். இந்த முறை முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"என்னடி இப்படி இளைச்சிருக்க?"

"அம்மா, நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். கத்தக்கூடாது."

கத்தவில்லை. போன மாதம் அவளுக்கு டைஃபாய்டு. ஹாஸ்டலில் கிடந்தவளை, அறைத்தோழி பொள்ளாச்சியில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தாளாம். நான் அன்று அழைத்தபோது அவள் அந்த வீட்டுக் கட்டிலில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு படுத்திருந்தாள். நான் இங்கே பூச்சியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மா என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு என்னைத் தவிர ஆளும் இல்லை.

நம்பர் வாங்கி மறுநாள் அந்த அம்மாவை அழைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. ரொம்ப நன்றிங்க என்று மட்டும் வந்தது.

"அட, இதுல என்னங்க இருக்குது. எம் பொண்ணுக்கு வச்ச கஞ்சியில ரெண்டு கரண்டி சேத்து வச்சனுங்க, அவ்வளவுதான். ஏனுங்க, நீங்க பாம்புக்கே ஊசி போட்டீங்களாமா?"

"ஆமாங்க."

"உங்க புள்ள சொல்லிச் சொல்லிச் சிரிச்சுதுங்க. அதுவரைக்கும் நாலு நாளா ஒரு வாய் எறங்கலீங்க. நீங்க போன் பண்ணி வச்சீங்க பாருங்க, 'எங்கம்மா எங்கிட்ட உண்மையச் சொல்லிட்டாங்க ஆன்ட்டி'ன்னுச்சு. அன்னைக்குத்தானுங்க எந்திரிச்சு உக்காந்து ஒரு டம்ளர் கஞ்சி முழுசாக் குடிச்சுது."

அந்த அம்மா போனை வைக்காமல், நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.